அகப்பையும் கீர்த்தனையும்



கிறித்தவ நெறியில் தொண்டும் ஆன்மநிறைவும் என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதோடு நாம் அவரை முடித்துவிடுகிறோம். கத்தோலிக்கராகிய அவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர்; 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனாரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு உருகி, இக்கிறித்தவர்மீது ஒரு கீர்த்தனை புனைந்தார். (சமய நல்லிணக்கம் என்று நாம் மேடைதோறும் முழங்குவது அங்கே ஒரு வாய்க் கஞ்சியில் நிகழ்ந்திருக்கிறது.)

பஞ்சம் நீங்க இறைவனை வேண்டிப் பிள்ளையவர்கள் பாடிய கீர்த்தனைகளும் உள்ளன. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவற்றுக்கு நான் தந்த இடம் ஓர் அடிக்குறிப்பு. வெறும் முறையீடு, கவித்துவம் குறைவு என்று எழுதினேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைச் சிதைத்தபோது, மாணவியர் சிலருடன் ஒரு மாதா கோயில் வளாகத்தில் சோறு பரிமாறச் சென்றேன். அண்டாவில் சோறு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வரிசையோ வேலியைத் தாண்டி நின்றது. கடைசியில் நிற்பவரை எண்ணி, முன்னால் நின்ற பெரியவரின் தட்டில் அகப்பையைக் குறைத்துச் சாய்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவள் நான். ஆயினும், 'ஆண்டவரே, போதவில்லையே' என்று அப்போது என் நெஞ்சு கூவியதே நான் செய்த முதற் செபம் என்பேன்.

பசித்தவனுக்கு இட்டது தமக்கே இட்டது என்று இயேசுபெருமான் உரைத்ததை மத்தேயு நற்செய்தியில் இளமை முதல் படித்திருக்கிறேன். அங்ஙனமாயின், நான் குறைத்துச் சாய்த்ததும் அவர் தட்டில்தானே? அன்றிரவு உறங்கவில்லை. ஆன்மநிறைவு என்றால் மன அமைதி என்று எண்ணியிருந்தேன். அமைதி வரவில்லை, வந்ததை எதற்காகவும் இழக்க உடன்படேன்.

வீடு திரும்பி அக்கீர்த்தனைகளை மீண்டும் படித்தேன். கையில் அகப்பையும் எதிரே குறைந்துவரும் அண்டாவும் உள்ளவன் வேறு எவ்வாறு பாடுவான்? அணி தேட அவனுக்கு நேரமேது?

ஆய்வேட்டை நூலாக்கி வருகிறேன். அந்த அடிக்குறிப்பை நீக்கிவிட்டேன். அதற்கு மாற்றாக ஓர் இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.