ஒயின் ஆலைகளில் உழவர் கற்க வேண்டியது என்ன?

(குற்றாலத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



சாரல் பருவத்தில் குற்றாலத்துக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் வருகின்றனர். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கிச் செல்கின்றனர். ஆனால், அப்பழங்களை விளைவித்த தோட்டம் எது என்பது வாங்குவோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. விளைவித்தவருக்கும் உண்பவருக்கும் இடையே பல கைகள். இந்த இடைவெளியைக் குறைக்கும் வழியை ஒயின் ஆலைகளில் நேரில் காணலாம். மது அருந்துவதை ஊக்குவிப்பது என் நோக்கமன்று. அங்கு விளைபொருளுக்கு மதிப்பு எப்படிக் கூடுகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் கம்பம்

தென்காசியிலிருந்து இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி வழியாகக் கம்பம் போகலாம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பகுதிகளில் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்களைக் காணலாம். இங்கு விளையும் பன்னீர் திராட்சை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் இரகம். 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்த ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலம் மாறுவதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் பழம் கிடைக்கும். பழமாக உண்ணலாம்; சாறு பிழியலாம்; ஒயினுக்கும் ஏற்றது. ஒரு பயிருக்கு மூன்று வாசல்கள் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தொட்டபள்ளாப்பூரும் நாசிக்கும்

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைக்கு அருகில் தொட்டபள்ளாப்பூர் உள்ளது. அங்கு குரோவர் நிறுவனத்தார் 1988-இல் பிரெஞ்சு ஒயின் இரகங்களை நட்டனர். அங்கிருந்து நெடுந்தொலைவு வடக்கே மகாராட்டிரத்தில் இருக்கும் நாசிக்கில் சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மகாராட்டிர அரசு 2001-இல் திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அதன்பின் அப்பகுதியில் ஆலைகள் பெருகின.

நாசிக்குக்குச் செல்வதானால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செல்லுங்கள். அதுவே அறுவடையும் பழம் பிழிதலும் நடக்கும் காலம். அங்குள்ள ஒயின் திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதையுள்ளது. நிறமும் மணமும் பெரும்பாலும் தோலில்தான் உள்ளன. ஆகையால் பழம் பெரிதாக வேண்டுமென்று அங்கு யாரும் நீர் பாய்ச்சுவதில்லை. எடை குறைந்தாலும் தரம் குறையக் கூடாது என்பதே நோக்கம்.

அறுவடை நாளை முடிவு செய்ய 'ரிப்ராக்டோமீட்டர்' என்னும் சிறு கருவியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டுப் பார்ப்பர். அது சர்க்கரை அளவைப் பிரிக்ஸ் கணக்கில் காட்டும். நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ ஒரு கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு பிரிக்ஸ். ஒயினுக்குப் பெரும்பாலும் 22 முதல் 24 பிரிக்ஸ் வேண்டும். ஈஸ்ட் நுண்ணுயிர் இச்சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது, 22 பிரிக்ஸ் சாற்றில் சுமார் 12 விழுக்காடு சாராயச் சத்து உண்டாகும். சிவப்பு ஒயினுக்குத் தோலுடன் சேர்த்தே நொதிக்க வைப்பர். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலில் பிழிந்துகொள்வர்.

சுவை பார்க்கும் கூடம்

ஆலையை ஒட்டிச் சுவை பார்க்கும் கூடம் இருக்கும். கட்டணம் செலுத்துவோருக்குச் சில வகைகளைச் சிறிதளவு ஊற்றித் தருவர். நிறத்தைப் பார்த்து, கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாவில் புரட்டிப் பார்ப்பர். விழுங்காமல் துப்பிவிடுவோரும் உண்டு. எந்த இரகம், எந்த ஆண்டின் அறுவடை, எந்தத் தோட்டம் என்று பணியாளர் விளக்குவார். தோட்டத்தைப் பார்த்து, சுவையையும் அறிந்தவர் விலை பேசுவதில்லை, வாங்கிச் செல்கிறார். நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

எச்சரிக்கையும் உண்டு

நாசிக் தரும் மற்றொரு பாடம் கசப்பானது. 2008-க்குப் பின் ஒயின் விற்பனை சரிந்தபோது, ஆலைகள் பழம் எடுப்பதைக் குறைத்தன. ஒயின் இரகத்தைச் சந்தையில் உண்ணும் பழமாக விற்க முடியாது. உழவர் பலர் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போயினர். ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசல் அடைபட்டால் வெளியேற வழியில்லை.

ஆகவே, ஒப்பந்தப் பயிர் எதுவானாலும் நடுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை:

1. இரகம், தரம், கிலோவுக்கு விலை.
2. தரத்தை யார், எங்கே, யார் முன்னிலையில் அளப்பது?
3. பணம் எத்தனை நாளில் வரும்?
4. வாங்குபவர் எடுக்கத் தவறினால் இழப்பீடு என்ன?

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டில் ஒயின் செய்து விற்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் தோட்டத்தில் செய்யக்கூடியவை

மங்குஸ்தான் மரம் உள்ளவர்கள் காய் செந்நிறத்துக்கு மாறிய பிறகு, வலைப்பை கட்டிய தொரட்டியால் பறியுங்கள். கீழே விழுந்த பழத்தின் ஓடு அடிபட்ட இடத்தில் இறுகிவிடும், சுளையும் கெடும். அதைத் தனியே பிரித்துவிடுங்கள். பழத்தின் அடியில் உள்ள சிறு இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம். வருபவரிடம் இதைக் காட்டிப் பாருங்கள். குழந்தைகள் எண்ணத் தொடங்கிவிடுவர்.

மங்குஸ்தான் காய்க்க ஏழெட்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். அம்மரம் இல்லாதவர்கள் கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, இளநீர் கொண்டே தொடங்கலாம். ஐந்தாறு அண்டை உழவர்கள் சேர்ந்து சாலையோரத் தோட்டம் ஒன்றில் ஓலைக் கொட்டகை போடுங்கள். பழத்தை நறுக்கிச் சுவைக்கக் கொடுங்கள். இரகம், பறித்த நாள், ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைக் கூடையில் வையுங்கள். சாறு, ஜாம் விற்பதானால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படிப் பதிவு செய்துகொள்ளுங்கள். விளைச்சல் முழுவதையும் இந்த ஒரு வழியில் மட்டும் நம்பாமல், ஒரு பகுதியை வழக்கமான சந்தைக்கே அனுப்புங்கள்.

நாசிக்கில் பழம் தேடி ஆட்கள் வர, ஆலையார் கூடம் கட்ட வேண்டியிருந்தது. நமக்கு ஆட்களை அருவியே அழைத்து வருகிறது. அடுத்த சாரலுக்குள் ஒரு கொட்டகையேனும் எழும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.