தந்தையின் மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், விறாந்தையின் ஓரத்திலோ மாட்டுக் கொட்டிலின் மூலையிலோ, சாக்கினால் மூடப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது ஹொண்டா 50 ஆகவே இருக்கும். அதை ஓட்டிய குடும்பத் தலைவர் மறைந்து ஆண்டுகள் பல சென்றிருக்கும். அதனை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா என்னும் வினா மட்டும் தீராதிருக்கும். பிள்ளைகள் விலை பேசுவர். தாயார் பேச்சை மாற்றுவார்.

இப்பற்றினை வெறும் மனமயக்கம் எனத் தள்ளுதல் பொருந்தாது. ஜப்பானில் 1958 ஆம் ஆண்டு தோன்றி, 2017 இல் பத்துக் கோடி என்னும் தொகையை எட்டிய வண்டியினம் அது. கிளச்சைக் கையாற் பிடியாமலே கியர் மாற்றலாம் என்பதனால் எவரும் எளிதில் ஓட்டப் பழகினர். யாழ்ப்பாணத்திலோ அதற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றதும், 1995 இடப்பெயர்வில் மூட்டை முடிச்சுகளைச் சுமந்ததும் இத்தகைய வண்டிகளே.

எனினும், நன்றியுணர்வு இரும்பைத் துருவினின்று காவாது. ஓடாது நிற்கும் வண்டியின் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும், எஞ்சிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும், ரயர்கள் வெடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரத்திற் கரியும் தேய்வும் மிகுந்திருக்கும். ஆதலின் கைதேர்ந்த கராஜ்காரர் ஒருவருக்குக் காட்டிச் செலவைக் கணித்தல் முதற் கடமை. பதிவுப் புத்தகம் இறந்தவர் பெயரிலிருப்பின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றஞ் செய்தல் அடுத்தது. வீதியில் ஓட்டுவதாயின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

இவற்றினும் கடினமானது குடும்பத்தாரின் உடன்பாடு. "அப்பாவின் வண்டியை விற்கவேண்டாம்" என்று கடல் கடந்து வாழும் மகன் தொலைபேசியிற் கூறுவார். மழைக்கு ஒதுக்கி, தூசு துடைத்து, இடங்கொடுத்து வைத்திருப்பவர் ஊரிலுள்ள மகளே. பேணும் சுமையை ஏற்பவரின் சொல்லுக்கே முதலிடம் அளித்தல் நீதி. அதற்கும் முன்னர், அவ்வண்டியின் பின்னிருக்கையில் வாழ்நாளின் பாதியைக் கழித்த தாயாரைக் கேட்டல் வேண்டும். அவர் வேண்டாமென்றால், அவர் காலம்வரை அது நிற்பதில் நட்டமொன்றுமில்லை.

பேரப்பிள்ளை ஒருவர் ஓட்டிப் பேண முன்வருவாராயின், செலவு செய்து திருத்துதல் தகும். எவரும் ஓட்டார் எனின், அதன் அருமையறிந்து ஓட்டக்கூடிய உறவினர் ஒருவருக்குக் கொடுத்தலே நன்று. ஓடி உழைத்த வண்டியைச் சாக்கின் கீழ்த் துருவுக்கு இரையாக்குவது நினைவைப் போற்றுவதாகாது. அது தீர்மானத்தைத் தள்ளிப்போடுவதேயாகும்.