கங்காணியும் பிஷப்பும்

(கோவில்பட்டிச் சொற்பொழிவு)



"இந்து மதத்தின் யோக்கியதையை மாத்திரம் வெளியாக்குகிறீர்களே, வேதக்காரர் சங்கதியை ஏன் தொடுவதில்லை?" என்பதாக ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்விதான். நமக்குக் கிரேக்கமும் எபிரேயமும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. அகராதிகளைப் புரட்டித் தெரிந்து கொண்டதையே சொல்லுகிறோம்.

முதலில் பிஷப்பை எடுத்துக் கொள்ளுவோம். அது 'எபிஸ்கோபோஸ்' என்கிற கிரேக்கச் சொல் தேய்ந்து வந்தது. அர்த்தம், மேற்பார்வை பார்க்கிறவன். புரொட்டஸ்டண்டுகாரர் வழங்கும் பழைய தமிழ் பைபிளில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 3-வது அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே 'கண்காணி' என்றே போட்டிருக்கிறது! நம் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன கங்காணிக்கும் இதே பேர்தான். அந்தக் கங்காணி காலில் நம் ஜனங்கள் பயந்து விழுந்தார்கள். இந்தக் கங்காணி காலில் பக்தியோடு விழுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

'பிரஸ்பிட்டர்' என்றால் வயதில் மூத்தவன். நம் ஊர்ப் பெரியதனக்காரர் மாதிரி. 'டீக்கன்' என்றால் பந்தியில் பரிமாறுகிற வேலைக்காரன். பாதிரி என்பது போர்த்துகீசியர் பாஷையில் அப்பன். போப்பு என்பதும் கிரேக்கக் குழந்தை தன் அப்பனைக் கூப்பிட்ட மழலைதான். பூமியிலே ஒருவனையும் பிதா என்று சொல்லாதே என்னும் கருத்து மத்தேயு 23-வது அதிகாரத்தில் இருக்கிறது. அதை வாசித்துவிட்டே இவர்கள் 'ஃபாதர்' என்று கும்பிடுகிறார்கள்.

'கிறிஸ்து' என்பது ஒருவருடைய பேரே அல்ல. எபிரேயத்தில் 'மேசியா', அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு கிறிஸ்து, அர்த்தம், எண்ணெய் பூசப்பட்டவன். தலையில் எண்ணெய் வார்த்து ராஜாவாக்குவது யூதர் வழக்கம். 'யேசு' என்பதும் அக்காலத்து யூதரில் பலர் வைத்துக் கொண்ட சாதாரணப் பேர். யோசுவாவும் அதுவும் ஒன்றே.

நிற்க, இதற்கெல்லாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. இங்கே பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் பெஸ்கி பாதிரியார், அதாவது வீரமாமுனிவர், இருந்து வேலை செய்தார். 'தேம்பாவணி'யிலே யோசேப்பை 'வளன்' ஆக்கினார். எபிரேயத்தில் யோசேப்பு என்றால் பெருகட்டும் என்று அர்த்தம். நம் கிராமங்களில் அருளப்பன் என்றால் யோவான். எபிரேயத்தில் கடவுள் அருளினார் என்பது. சின்னப்பன் என்றால் பவுல், லத்தீனில் சிறியவன். பேரின் அர்த்தத்தைத் தமிழில் கொடுத்தது நல்ல காரியமே. அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் பூசையை மாத்திரம் லத்தீனிலேயே வைத்துக் கொண்டார்கள். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய சங்கத்துக்குப் பிறகுதான் அது தமிழாயிற்று. அதுவரையில் பருத்திக்காட்டில் பாடுபட்டவன் ஒன்றும் புரியாமல் 'ஆமென்' சொன்னான். ஐயர் சமஸ்கிருதம் சொல்ல, அர்த்தம் தெரியாமல் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறவனுக்கு அவன் எந்த விதத்தில் தாழ்ந்தவன்?

கடைசியாக 'கத்தோலிக்க' என்கிற சொல். கிரேக்கத்தில் 'எல்லாருக்கும் பொது' என்று அர்த்தம். நம் ஜில்லாக்களிலே ஜனங்கள் எதற்காக மதம் மாறினார்கள்? தீட்டுப் போகும், நாலு பேரோடு சமமாய் உட்காரலாம் என்றுதானே? வடக்கன்குளத்திலே அந்தப் பொதுக் கோவிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் என்று நடுவே சுவர் இருந்தது. 1910-ல் அதை இடித்தார்கள். உடனே வேளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய், சென்னை ஹைக்கோர்ட்டு வரையில் வழக்காடித் தோற்றார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் பழைய பேர் கரைந்தது, ஜாதி கரையவில்லை. அந்தக் கோவிலிலே அருளப்பனும் சின்னப்பனும் சுவருக்கு இரண்டு பக்கத்திலும் நின்று, ஒரே எபிரேயச் சொல்லில் 'அல்லேலூயா' பாடியிருப்பார்கள்.

சீட்டு அனுப்பிய தோழருக்கு இது போதுமென்று நினைக்கிறோம். இன்னும் மூன்று சீட்டுகள் கையில் இருக்கின்றன. அடுத்தவர் மாரியம்மன் கோவில் வரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.