அளவையியலும் கணினியும்: பேட்ரிக் சூப்பிஸ் வகுத்த பணிவழி



மெய்யியல் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் மறுமொழி, "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்பதே. கேள்வியில் பிழையில்லை. நிலமும் சிறு வணிகமும் ஆசிரியப் பணியும் கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பங்கள் அப்படித்தான் கேட்கும். ஆனால் அக்கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. மெய்யியல் ஒரு கரை, கணினி மறு கரை; ஒன்றைப் பற்றினால் மற்றதைக் கைவிட வேண்டும் என்பது அது. இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுதும் மெய்யியல் பேராசிரியராக இருந்த ஒருவரின் பணியைக் காண்பது பயன்தரும்.

அவர் பேட்ரிக் சூப்பிஸ். 1922இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முதற் பட்டம் வானிலையியலில். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் வானிலை அலுவலராகப் பணியாற்றினார். போருக்குப் பின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் நேகல் என்னும் அறிஞரிடம் மெய்யியல் பயின்று, 1950இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியரானார். 1957இல் வெளிவந்த அவருடைய அளவையியல் அறிமுக நூல் கல்லூரிகளில் பாடநூலாயிற்று.

கல்வித் துறைக்குள் அவரை இழுத்தது எந்தத் திட்டமும் அன்று. அவருடைய மூத்த மகள் 1956இல் மழலையர் பள்ளியில் சேர்ந்ததே. சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று அந்தத் தந்தை கூர்ந்து நோக்கினார். நியூட்டன் ஹாலி என்னும் கணித அறிஞரோடு சேர்ந்து, தொடக்க வகுப்புகளுக்கு வடிவியல் நூல் எழுதினார். கணங்களைக் கொண்டு எண்களை அறிமுகம் செய்யும் பாடங்களும் பின் தொடர்ந்தன. அவர் மெய்யியலை விட்டு விலகினார் என்று இதனைக் கொள்ளலாகாது. 'எண் என்றால் என்ன?' என்பது மெய்யியலின் பழைய வினா. ஆறு வயதுப் பிள்ளை அவ்வினாவை எந்த வழியாக அணுகுகிறது என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்கு அப்போதுதான் கிடைத்தது.

1963இல் கார்னகி நிறுவனத்தின் நல்கையோடு, ரிச்சர்டு அட்கின்சன் என்னும் உளவியல் அறிஞரும் சூப்பிஸும் கணினிவழிக் கல்வி ஆய்வைத் தொடங்கினர். அக்காலக் கணினி ஓர் அறையை அடைத்து நிற்பது. பள்ளிகளில் தொலைத்தட்டச்சுப் பொறிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே அவற்றைப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்தனர். பிள்ளை வந்து அமரும். பொறி ஒரு கணக்கைத் தட்டும். பிள்ளை விடையைத் தட்டும். சரியா தவறா என்று உடனே தெரியும். நன்றாகச் செய்தால் மறுநாள் கடினமானவை, தடுமாறினால் எளியவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு படி. மாசிடோனிய இளவரசன் அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் தனியாசிரியராக வாய்த்தது போன்ற பேறு, கணினியால் ஒரு நாள் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கும் கிட்டும் என்று 1966இல் அவர் எழுதினார்.

சோதனையின் முடிவுகளை அவர் மறைக்காமல் வெளியிட்டது அந்த நம்பிக்கையைக் காட்டிலும் மதிக்கத்தக்கது. மிசிசிப்பி மாநிலத்து மெக்கோம்ப் நகரப் பள்ளிகளில் கணினிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். கலிபோர்னியாவில் அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. ஏனெனில் அங்கே ஒப்பீட்டுக்காகக் கணினியின்றி விடப்பட்ட ஒரு பள்ளியின் ஆசிரியர்கள், தாமாகவே நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்துவிட்டனர், அப்பிள்ளைகளும் முன்னேறினர்! அப்படியானால் பலன் தந்தது பொறியா, பயிற்சியா? இவ்வாறு காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்தறிவதே அளவையியலாரின் தொழில். ஒளித்திரையை வாங்கிச் சுவரில் மாட்டியதும் கல்வி உயர்ந்துவிட்டது என்று விளம்பரம் செய்யும் இக்காலத்தில், அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒவ்வொரு பள்ளிக்கும் தேவைப்படுகிறார்.

கணக்குப் பயிற்சியை விடவும் ஆழமானது, அவர் அளவையியலையே கணினியில் கற்பித்த முறை. 1972 முதல் ஸ்டான்ஃபோர்டின் தொடக்க அளவையியல் பாடம் கணினி வழியாக நடைபெற்றது. இங்கே ஓர் இடர் உண்டு. கூட்டல் கணக்குக்கு விடை ஒன்றே. பொறி ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒரு முடிவை நிறுவுவதற்கோ பல வழிகள் உண்டு. ஆசிரியர் எழுதிவைத்த நிறுவலோடு மாணவர் எழுதியதை ஒப்பிட்டால், புது வழியில் சரியாகச் சென்றவரும் தவறியவர் ஆகிவிடுவார். எனவே சூப்பிஸின் குழுவினர் விடையைக் கணினியில் வைக்கவில்லை, விதிகளை வைத்தனர். மாணவர் எந்த விதியை எந்த வரியின் மேல் செலுத்துகிறார் என்று சொல்ல, அப்படி முறையானதா என்று மட்டும் பொறி பார்த்தது. முறையான படிகளால் முடிவை அடைந்த எந்த நிறுவலும் ஏற்கப்பட்டது.

இதன் அருமையை ஒரு பழைய எடுத்துக்காட்டால் விளக்கலாம். மலையில் புகை கண்டு அங்கே தீ உண்டு எனத் துணிவது அனுமானம். இதைக் கற்ற மாணவர் ஒருவர் திருப்பிப் போட்டு, "தீ உண்டு, ஆகவே புகை உண்டு" என்கிறார். 'தவறு' என்று மட்டும் பொறி சொன்னால் அவர் வேறொன்றைத் தட்டிப் பார்ப்பார், கற்கமாட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் தீ உண்டு, புகை இல்லை என்பதைக் காட்டினால், தாம் சறுக்கிய இடம் அவருக்கே விளங்கும். எந்தப் பிழைக்கு எந்த எதிர்க்காட்டு என்று முன்கூட்டியே எண்ணி வைப்பது பாடத்தை வடிவமைப்பவரின் வேலை. நிரல் எழுதுபவர் அதனைக் கணினிக்குள் ஏற்றலாம். எண்ணித் தருவது அளவையியல் கற்றவரால்தான் ஆகும். இத்துறையில் மெய்யியல் மாணவர்க்குரிய இடம் இதுவே.

சூப்பிஸ் 1967இல் கணினிப் பாடத்திட்ட நிறுவனம் ஒன்றைப் பிறரோடு சேர்ந்து தொடங்கினார். அது 1990இல் சைமன் அண்டு சூஸ்டர் பதிப்பகத்துக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டே அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் அவரைச் சேர்ந்தது. இத்தனைக்கும் நடுவே 'அளவிடலின் அடிப்படைகள்' என்னும் பெருநூலின் மூன்று தொகுதிகளும் 1971 முதல் 1990 வரை, அவரும் மூவரும் இணைந்து எழுத வெளிவந்தன. 1992இல் ஓய்வு பெற்ற பின்னும் உழைப்பு நிற்கவில்லை. திறன்மிகு இளையோர்க்கான கணினிவழிப் பாடத்திட்டத்தை ஸ்டான்ஃபோர்டில் வளர்த்தார். 2014இல் மறைந்தார்.

மறுப்புரையும் கேட்கத்தக்கது. சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர், ஜெனீவாவில் பியாஜேயிடம் பணியாற்றியவர், 1980இல் வெளியிட்ட நூலில் இப்போக்கையே தலைகீழாகத் திருப்பினார். கணினி பிள்ளையை இயக்கும் நிலை மாறி, பிள்ளை கணினியை இயக்க வேண்டும் என்பது அவர் வாதம். தொடக்கப் பள்ளிப் பயிற்சிகளைப் பொறுத்தவரை பேப்பர்ட்டின் பக்கமே நியாயம் மிகுதி. நாள்தோறும் பொறி கேட்க, பிள்ளை விடை சொல்லும் ஏற்பாட்டில் பிள்ளை வினவுவதற்கு இடமே இல்லை. அளவையியல் பாடத்துக்கு அக்குறை அவ்வளவாகப் பொருந்தாது. வழியைத் தேர்வது அங்கே மாணவரே.

ஆயினும் விதி கொண்டு சரிபார்க்க இயலாத வினாக்கள் மெய்யியலில் மிகுதி. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார் ஏர் பிடிக்கும்போது மண்ணில் மடியும் உயிர்களுக்கு என்ன விடை? வேண்டுமென்றே செய்யும் கொலை வேறு, தொழிலில் நேரும் கொலை வேறு என்று ஆசாரியர்கள் பகுத்துள்ளனர். அப்பகுப்பைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறலாம். பூச்சிமருந்து தெளிக்கும் உழவர் எந்தப் பகுப்பில் நிற்கிறார் என்று வகுப்பில் ஒருவர் கேட்டால், பொறியால் சரி, தவறு போட முடியாது. அங்கே ஆசிரியர் வேண்டும். எதிரில் மறுத்துப் பேச மற்றொரு மாணவர் வேண்டும். சூப்பிஸ் வளர்த்த திட்டத்திலிருந்து 2006இல் கிளைத்த ஸ்டான்ஃபோர்டு இணையவழி உயர்நிலைப் பள்ளி இதை உணர்ந்து அமைந்தது. அங்கே மெய்யியல் சார்ந்த பாடங்களே நடுநாயகமாக வைக்கப்பட்டுள்ளன. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மாணவரும் ஆசிரியரும் ஒரே நேரத்தில் திரையில் கூடி விவாதிக்கின்றனர். மெய்யியலில் ஆய்வுப் பட்டம் பெற்றோர் அங்கே ஆசிரியராக இருக்கின்றனர்.

இந்நாட்டில் இவ்வழி எளிதென்று சொல்வதற்கில்லை. மெய்யியல் துறை உள்ள கல்லூரிகள் சில. பேராசிரியர் இடங்கள் அவற்றினும் சில. முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும் முடித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எனினும் கதவுகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறையோடு சமணவியல் துறையும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வு நடைபெறுகிறது. 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் அளவையியல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பாட வடிவமைப்பாளர் என்னும் பணிக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. பட்டத்தோடு ஒரு நிரல்மொழியும், தெளிவாக எழுதும் கையும் இருப்பவர்க்கு அங்கே இடம் கிடைக்கக்கூடும். பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று: சூப்பிஸ் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. அளவையியலில் வேரூன்றிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்த பின்னரே கணினியைத் தொட்டார். இரண்டிலும் அரைகுறையாக நிற்பவருக்கு இவ்வழி உதவாது.

தமிழ்ச் சமணர்க்கு மெய்யியல் ஆசிரியப் பணி புதியதும் அன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்துக் குடந்தை அரசுக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், ஏட்டில் இருந்த நீலகேசியைச் சமயதிவாகர முனிவர் உரையோடு 1936இல் அச்சேற்றினார். ஏட்டைப் படியெடுத்து வழங்குவது சாத்திர தானமாக இருந்த காலத்தில், அச்சு அன்றைய புதுத் தொழில்நுட்பம். அதனை அந்த மெய்யியல் ஆசிரியர் தயங்காது கையில் எடுத்தார்.

அந்நூல் இன்று கல்லூரி மாணவர்க்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. குண்டலகேசி வாதம் தொடங்கிப் பூதவாதம் ஈறாக, நீலகேசி ஒவ்வொரு சமயத்தாரோடும் வாதிடுகிறாள். எதிரியின் கூற்றை எடுத்துரைத்து, அதன் ஏதுவைக் கேட்டு, எடுத்துக்காட்டைச் சோதித்து, குற்றம் காட்டுகிறாள். படிப்படியாகப் பிரிப்பதற்கென்றே அமைந்த நூல். இவ்விடுமுறையில் மாணவர் இருவர் சேர்ந்து ஒரு வாதத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் நீலகேசியின் படிகளை எண்ணிட்டு எழுதட்டும். மற்றவர் ஒவ்வொரு படியிலும் படிப்பவர் எங்கே இடறுவார், அங்கே எந்த எதிர்க்காட்டு உதவும் என்று எழுதட்டும். அதற்குக் கணினியும் வேண்டியதில்லை. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். எழுதி முடித்ததை அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்த்தால், நிரல் எழுதத் தெரிந்த இளைஞர் இவ்வவையிலேயே பலர் இருக்கின்றனர்.