கேக் தட்டுக்கு ஒரு வீட்டுப் பூச்சு
(நூற்றாண்டு விழா உரை)



நம்மில் சிலர் நோர்வூட்டிலும் ஹட்டனிலும் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறோம். தட்டில் ஒட்டி உடைந்தால் அன்றைய உழைப்பே வீண். அந்தப் பயத்தில் வனஸ்பதியைப் பூசுகிறோம். பகுதியளவு ஐதரசனேற்றிய கொழுப்பிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. அதை 2023க்குள் உலக உணவிலிருந்தே அகற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் கேட்டுக்கொண்டது.

நமக்கு அது தேவையே இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நம் மலைக்குளிரில் அது போத்தலிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உறைந்த தேங்காய் எண்ணெய் 1 கோப்பை, சூரியகாந்தி எண்ணெய் 1 கோப்பை, கோதுமை மா 1 கோப்பை சேர்த்து, கட்டியில்லாமல் வெண்களியாகும்வரை அடிப்போம். மூடிய போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுப்போம். காறல் மணம் வந்தால் வீசிவிடுவோம்.

தட்டின் மூலைகளிலும் பூச வேண்டும். எண்ணெயோடு ஒட்டிநிற்கும் மா, கேக் கலவை தட்டில் படாமல் தடுக்கும். தேங்காய் எண்ணெயும் கொழுப்புத்தான்; மெல்லிய பூச்சே போதும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இது வேண்டாம்.

நாம் செய்யும் கேக்கைச் சாப்பிடுவது நம் அயல்வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம். நம் நூற்றாண்டுக் கேக்கும் உடையாமல் இறங்கட்டும்.