புள்ளி வேறு, உரிமை வேறு



செம்பரம்பாக்கத்தில் நின்றுகொண்டு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், பூந்தமல்லிக்குப் போய் வருவது போல டெல்லிக்கும் புனேவுக்கும் போய் வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்ததும் கொட்டும் புலம்பலைக் கேட்கிற அப்பா அம்மாக்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தப் புலம்பலின் வேர் தெரிய, நம் நாட்டு விமான நிறுவன இணைப்புகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டில் வானத்தில் மூன்று கல்யாணம் நடந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. ஜெட் ஏர்வேஸ் சஹாராவை வாங்கியது. கிங்ஃபிஷர் டெக்கானைக் கைப்பிடித்தது. மூன்றுக்கும் மேளதாளம் பலமாக இருந்தது. கிங்ஃபிஷர் 2012-இல் தரையிறங்கியது. ஜெட் 2019 ஏப்ரலில் நின்றது. ஏர் இந்தியா கடனில் மூழ்கி, 2022 ஜனவரியில் டாடாவின் கைக்குத் திரும்பியது.

அடுத்த பெரிய இணைப்பு 2024 நவம்பர் 12 அன்று. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா, ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. விமானம், விமானி, ஊழியர் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார்கள். அடிக்கடி பறந்தவருக்கு? விஸ்தாராவின் பயணிகள் சலுகைத் திட்டமான கிளப் விஸ்தாராவில் சேர்த்த புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்கு அப்படியே மாறின. புள்ளியில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் எந்த விமானத்துக்காக அந்தப் புள்ளியைச் சேர்த்தாரோ, அந்தப் பெயரே போய்விட்டது!

பழைய விஸ்தாரா விமானங்களுக்கு ஏஐ என்ற எழுத்துக்குப் பின் 2-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். விவரம் தெரிந்த பயணிகள் டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்க்கும் முன்பே அந்த 2 இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் எந்த விமானம் வாய்க்குமோ என்ற கவலை. அந்தக் கவலைதான் இணைப்பின் உண்மையான விலை.

2025 பிப்ரவரியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் போபாலிலிருந்து டெல்லிக்கு ஏர் இந்தியாவில் போனார். அவருக்குக் கிடைத்தது 8சி இருக்கை. உட்கார்ந்தால் உள்ளே இறங்கிப் போகிற உடைந்த இருக்கை. டாடா வந்தபின் சேவை மேம்பட்டிருக்கும் என்று நினைத்தது தன் தவறான எண்ணம் என்று அவரே பொதுவெளியில் எழுதினார். நிறுவனம் மன்னிப்பு கேட்டது. மந்திரி எழுதினால் மன்னிப்பு வரும். நம் ஊர் மணிகண்டன் எழுதினால்?

இங்கேதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இருக்கிறது. புள்ளி என்பது நிறுவனம் தருகிற சலுகை. கொடுத்த கையே அதைக் குறைக்கலாம். உரிமை என்பது சட்டம் தருவது. நம் ஆட்கள் புள்ளியை எண்ணுகிறார்கள், உரிமையைப் படிப்பதில்லை.

விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி என்ன சொல்கிறது? ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம். டிக்கெட் உறுதியாகி, நேரத்துக்கு வந்தும், இடமில்லை என்று திருப்பி அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராவிட்டால் இழப்பீடு. அது 20,000 ரூபாய் வரை போகும். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை.

விதிவிலக்கும் உண்டு: நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை. அதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2015 டிசம்பரில் பெருமழையும் நம் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருகி, மீனம்பாக்கம் விமான நிலையம் மூழ்கியது. நிலையம் 6-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை விட்டார்கள். அது இயற்கை, பொறுத்துக்கொள்ளலாம். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு விதிக்கு ஆள் தயார் செய்யாமல், இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ததே, அது என்ன மழையா, புயலா? வேறு விமானத்துக்குப் போகலாம் என்றால் போக இடமில்லை. நிறுவனங்கள் குறையக் குறைய நம் கோபத்துக்கு மதிப்பும் குறைகிறது.

ஆகவே இரண்டு கோரிக்கை. ஒன்று அரசுக்கு: இணைப்புக்கு ஒப்புதல் தரும்போது, கட்டணத்தையும் தடத்தையும் பார்ப்பது போல, சேவைத் தரத்துக்கும் நிபந்தனை போட்டு, ஆண்டுதோறும் அதன் கணக்கை மக்கள் முன் வையுங்கள்.

இரண்டாவது உங்களுக்கு. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை கவுண்டரில் நின்று, “நான் கோல்டு மெம்பர், தெரியுமா?” என்று கத்தாதீர்கள். “தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்” என்று மெதுவாகக் கேளுங்கள். முதல் வாக்கியத்துக்கு ஒரு புன்னகை கிடைக்கும். இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.