வலியில் யார் துணை?

(பெண்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரசவம் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் நம்ம பையன்கள் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். போகட்டும். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பெருநகரங்களில் இப்போது 'டூலா' என்று ஒரு துணையைக் காசு கொடுத்து அமர்த்திக்கொள்கிறார்கள். வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை கூடவே இருந்து இடுப்பைத் தேய்த்துவிட்டு, தண்ணி கொடுத்து, நடக்கவைத்து, தைரியம் சொல்கிற பெண். ஊசி போடுவதோ தொப்புள்கொடி அறுப்பதோ அவர் வேலையல்ல. டூலா கிரேக்கச் சொல். அடிமைப் பெண், வேலைக்காரி என்று பொருள். உலகம் இந்த வேலையை யார் தலையில் கட்டியது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நமக்கு இது புதுசா? வடக்கே சாதி இந்து வீடுகளில் கொடி அறுப்பதும் பிரசவ அழுக்கை அள்ளுவதும் சமார் பெண்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. 1950களில் தொடங்கி உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம் 'நாரா–மவேசி' இயக்கம் நடந்தது. நாரா என்றால் தொப்புள்கொடி, மவேசி என்றால் கால்நடை. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், கொடி அறுக்க மாட்டோம் என்று நிறுத்தினார்கள். நம் பக்கம் பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கு நாவிதர் சாதி மருத்துவச்சி, சேரிக்கு நம் கிழவிகள். பிள்ளையை வாங்கிய கைக்கே தீட்டு என்று திண்ணையில் ஏற்ற மாட்டார்கள்.

அந்த மறுப்பு நூற்றுக்கு நூறு சரி. அவன் வீட்டுத் தீட்டை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் நம் பெண்ணுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருப்பது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை.

பழைய மருத்துவச்சியைத் தூக்கிவைத்துப் பாடவும் நான் வரவில்லை. கைராசிக்காரிதான். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் அவள் கையில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். அதனால் தாய்மார் உயிர் பிழைத்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் பிரசவ அறைக்குள் என்ன நடக்கிறது? நான் கூடப் போன ஒரு பிரசவத்தில் ஆயாம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெரு?" காலனி என்றதும் 'வாம்மா' போய் 'ஏய்' வந்தது. வலியில் கத்தினால், "படுக்கும்போது இனிச்சுதா?" என்று கேட்கிற வாய்களை நம் பெண்கள் எத்தனை பேருக்குத் தெரியும்! அந்த அறையில் அவள் தனியாக இருப்பதால்தான் அந்த வாய் திறக்கிறது.

துணை என்பது சும்மா ஆறுதல் என்று நினைக்காதீர்கள். குவாதமாலாவில் நடந்த ஓர் ஆய்வு 1980இல் வெளியானது. சின்ன ஆய்வுதான். துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது, தனியாகக் கிடந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். பிறகு 17 நாடுகளில், 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள்: தொடர்ந்து துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, வயிற்றைக் கிழிப்பதும் குறைகிறது.

தமிழக அரசு 2004லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 2016இல் மத்திய அரசும் சொன்னது. துணை வருபவர் முடிந்தால் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்கணும், தொற்றுநோய் கூடாது, சுத்தமான உடை, சிகிச்சையில் தலையிடக் கூடாது. இப்படிச் சில நிபந்தனைகள்தான். ஆகவே "வெளியே நில்லு" என்றால், "2004லிருந்து அனுமதி இருக்குங்க" என்று நின்ற இடத்திலேயே சொல்லலாம். சொல்லத் தெரிந்த ஆள்தான் துணைக்குப் போக வேண்டும்.

யாரைக் கூட்டிப்போவது என்பதைப் புருசனும் மாமியாரும் முடிவு செய்யக் கூடாது. வலி யாருக்கோ அவள் சொல்லட்டும். பெத்த தாயே சிலசமயம் மகளுக்கு முன்னால் அழுதுவிடுவாள், நர்ஸ் அதட்டினால் ஒடுங்கிவிடுவாள். ஏழாம் மாதத்திலிருந்தே பரிசோதனைக்குக் கூடப் போய்வருகிறவராக இருந்தால் நர்ஸுக்கும் முகம் பழகும். ஒருத்தர் போதாது, இரண்டு பேர் வேண்டும். வலி நடவு நாளைப் பார்த்தோ நூறுநாள் வேலையைப் பார்த்தோ வராது.

துணையால் ரத்தத்தை நிறுத்த முடியாது. ஆகவே எட்டாம் மாதத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: சிக்கல் வந்தால் எங்கே அனுப்புவீர்கள்? அங்கே ராத்திரியில் அறுவை செய்ய டாக்டரும் மயக்க டாக்டரும் இருப்பார்களா? ரத்தம் கிடைக்குமா? 2008லிருந்து 108 வண்டி ஓடுகிறது, ஆனால் நம் தெரு முனைவரை வருமா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரே பையில். அந்தப் பையோடு துணையும் வண்டியில் ஏற வேண்டும். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் பேசி வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டீர்களா தம்பிகளே? உங்கள் வேலை ரத்தம். தெருவில் யார் எந்த வகை, யார் கூப்பிட்டதும் வருவான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று எல்லாரும் தொட்டில் பக்கம் போய்விடுகிறார்கள். ஆபத்து அப்போதுதான் தாய்க்கு. துணை அவளை விட்டு நகரக் கூடாது. துணி நனைந்துகொண்டே போனால், மயக்கமாக வருகிறது என்றால், தலைவலியோடு கண் மங்கினால், நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கூலி. துணைக்குப் போகிறவள் ஒரு நாளோ இரண்டு நாளோ கூலி இழக்கிறாள். அதைப் 'பெண்களின் பாசம்' என்று சொல்லி ஓசியில் வாங்கினால் திரும்பவும் அடிமை வேலைதான். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றார். துணைக்கு வருகிறவளின் கூலியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது என் கருத்து. அரசு கொடுக்கும்வரை நம் சங்க நிதியிலிருந்து கொடுப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் நான்கு பெண்களின் பெயர் கொண்டுவாருங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.